அப்பாவின் வலது கண்ணுக்காக

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். போன தை அறுவடையில் கதிர் அடிக்கும்போது அப்பாவின் வலது கண்ணில் நெல் சுணை பட்டது. தூசிதானே என்று துண்டால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். நாலாம் நாள் கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சமே பார்க்க முடியவில்லை. கருவிழியில் நொய்யரிசி அளவு வெள்ளைப் புள்ளி.

முதல் நன்றி பக்கத்து வீட்டுச் சின்னம்மாவுக்கு. தாய்ப்பால் விடு, விளக்கெண்ணெய் விடு என்று ஆளாளுக்குச் சொன்னபோது, "கண்ணுல எதையும் ஊத்தாதீங்க" என்று குறுக்கே நின்றார். அடுத்தது எங்கள் ஊர் நர்சம்மாவுக்கு. மருந்துக்கடையில் நான் கேட்டு வாங்கி வந்த சொட்டு மருந்தைப் பார்த்ததும் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். அதில் ஸ்டீராய்டு இருந்தது. பூஞ்சைப் புண்ணில் அது பட்டால் சிவப்பு தணிந்ததுபோல் தெரியும், உள்ளே பூஞ்சை தழைக்கும். இதை நான் அறியாமல் இருந்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

அன்று மாலையே மதுரை கண் மருத்துவமனையில் புண்ணைச் சுரண்டி எடுத்துச் சோதித்தார்கள். பாக்டீரியாவா பூஞ்சையா என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாதாம்; இரண்டுக்கும் மருந்து வேறு. ஆய்வகத் தங்கை என்னையும் கூப்பிட்டு நுண்ணோக்கியில் காட்டினார். கிளை விட்ட மெல்லிய நூல்கள்; அதுதான் பூஞ்சை. சுரண்டி எடுத்ததை வளரவிட்டுப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையில், சில நாளில் அது ஃபியூசேரியம் என்று தெரிந்தது. நம் மண்ணிலும் பயிரிலும் இருக்கிற பூஞ்சைதான். அவ்வளவு வேலைக்கு நடுவே பொறுமையாக விளக்கிய அந்தத் தங்கையை மறக்க மாட்டேன்.

பிறகு நாட்டமைசின் 5 சதவீதச் சொட்டு மருந்து, மணிக்கு ஒருமுறை. மருந்து அடியில் தங்கிவிடும், குலுக்கித்தான் விட வேண்டும். முதல் சில நாள் இரவிலும் விட வேண்டியிருந்தது. முறை வைத்துக் கண் விழித்த அத்தை, சித்தப்பா, பத்தாவது படிக்கும் தம்பி மகள், உங்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது!

புண் ஆற ஆறு வாரத்துக்கு மேல் ஆனது. ஓரத்தில் சின்னதாகப் பூ விழுந்திருக்கிறது, பார்வை இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் இருந்த அண்ணன் தாமதமாக வந்தவர். கருவிழி மாற்றித்தான் அவர் கண்ணைக் காப்பாற்றினார்கள். இறந்தவரின் கண்களை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கச் சொல்லி, அழுகைக்கு நடுவிலும் தகவல் கொடுத்த அந்த முகம் தெரியாத குடும்பத்துக்கும் என் வணக்கம்.

களத்து ஆட்கள் எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கித் தந்த மாமாவுக்கும் நன்றி. இந்தப் போகத்தில் அப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் களத்தில் இறங்கினார்.