பாட்டிக்கு ஒரு பாட்டு

ஈஸ்ட் ஹாம், லண்டன்
10 செப்டம்பர் 2023

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

உன் பேத்தி செல்வி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். தம்பி இதை வேகமாக வாசித்தால் அதட்டி நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொல். இந்த வாரம் இங்கே 30 டிகிரிக்கு மேல் வெயில், வார்டில் எல்லாருக்கும் புழுக்கம். சாப்பாட்டுக்குக் குறையில்லை. தெருக்கோடிக் கடையிலேயே முருங்கைக்காயும் வாழையிலையும் கிடைக்கின்றன.

உனக்குச் சொல்ல வேண்டியது ஒரு பாட்டைப் பற்றி. என்னோடு வேலை பார்க்கும் மூத்த நர்ஸ் அக்காவின் அம்மா, அந்தக் காலத்தில் கரீபியன் தீவான ஜமைக்காவிலிருந்து வந்து இங்கே நர்ஸாக இருந்தவராம். இரவு டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது அக்கா தன் போனில் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினார். பாடியது ஒலிவியா டீன். 24 வயதுப் பெண், பாட்டும் அவளே எழுதுகிறாள். இதே லண்டனில், வால்தம்ஸ்டோ பக்கம் வளர்ந்தவள். அம்மா வழியில் பூர்வீகம் ஜமைக்காவும், தென் அமெரிக்காவில் இருக்கும் கயானாவும். ஜூன் கடைசியில் ‘மெஸ்ஸி’ என்று அவளுடைய முதல் ஆல்பம் வந்தது. இங்கே வருஷத்தின் சிறந்த ஆல்பத்துக்குக் கொடுக்கும் மெர்க்குரி பரிசின் 12 ஆல்பங்கள் கொண்ட பட்டியலிலும் இடம் பிடித்தது. வியாழக்கிழமை பரிசு எஸ்ரா கலெக்டிவ் குழுவுக்குப் போய்விட்டது. எனக்கு வருத்தம்தான்.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘கார்மென்’. அது அவள் பாட்டியின் பெயர், அப்பத்தா! கயானாவிலிருந்து இளவயதில் கடல் தாண்டி வந்த மனுஷி. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இங்கே வேலைக்கு ஆள் பஞ்சம். 1948 ஜூனில் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்ற கப்பல் கரீபியன் தீவுகளின் சனங்களை டில்பரி துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கியது. அதன்பின் வந்தவர்களையும் சேர்த்து விண்ட்ரஷ் தலைமுறை என்கிறார்கள். பஸ் ஓட்டினார்கள், ரயிலில் உழைத்தார்கள், நான் இன்று நிற்கும் இதே மாதிரி வார்டுகளில் நோயாளிகளைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்களாம். அரை நூற்றாண்டு இங்கேயே வாழ்ந்தவர்களிடம் இங்கே தங்க உரிமை காட்டும் காகிதம் எங்கே என்று அரசாங்கம் கேட்டு, சிலரை நாடு கடத்தியதுகூட 2018இல் அம்பலமானது.

இத்தனைக்கும் அந்தக் ‘கார்மென்’ பாட்டு ஒப்பாரி இல்லை, கொண்டாட்டம். எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டிக் குழித்து டிரினிடாட்டில் உருவாக்கிய ஸ்டீல் பேன் என்ற வாத்தியம் பின்னால் கணகணவென்று கேட்கிறது. ராணிக்கு எடுத்த விழா உனக்கு எடுக்கவில்லையே என்று பாட்டியைப் பார்த்துப் பாடுகிறாள். கேட்டதும் உன் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

கட்டணம் இல்லாத அரசுக் கலைப் பள்ளியில் படித்தவள் ஒலிவியா. அடெல், ஏமி வைன்ஹவுஸ் என்ற பேர்போன பாடகிகள் எல்லாம் படித்த பள்ளி. 2020இல் கொரோனாவால் அரங்குகள் மூடிக்கிடந்தபோது மஞ்சள் வண்டி ஒன்றையே மேடையாக்கி ஊர் ஊராகப் போய்ப் பாடியிருக்கிறாள்.

இன்னொன்று. அந்தக் கயானாவுக்கு நம் சனங்களும் போயிருக்கிறார்கள். 1838 முதல் 1917 வரை கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள், சென்னையில் ஏறியவர்களும் உண்டு. இன்றும் அங்கே தப்பும் உடுக்கும் அடித்து மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள்.

அப்பத்தா, நீ நடவு வயலில் முதல் குரல் எடுத்துப் பாடிய பாட்டுகளை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. தம்பியிடம் போன் இருக்கிறது. ‘எனக்கென்ன தெரியும்’ என்று தட்டிக் கழிக்காமல் தெரிந்ததையெல்லாம் பாடு, அடி மறந்தால் அங்கம்மா சின்னத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். நர்ஸ் அக்காவுக்குப் போட்டுக் காட்டுவதாகச் சொல்லிவிட்டேன். பணம் 15ஆம் தேதிக்குள் வந்துவிடும், கண் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே.

உன் பேத்தி,
செல்வி