கழட்டச் சொன்ன நாலு தகரத்தப் பத்தி துரைமாருக்கும் வீடமைப்பு ஆபீசுக்கும்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்கள நடத்துற துரைமாருக்கும், தோட்டத்து வீடுகளுக்கு பிளான் போடுற ஐயாமாருக்கும் வணக்கம்.

நாங்க இருக்கிற லயத்து (வரிசையா ஒட்டிக் கட்டின தோட்டத்து வீடு) இஸ்தோப்புக்கு, அதான் முன் திண்ணைக்கு, பக்கத்துல ரெண்டு கம்பு நட்டு நாலு தகரம் போட்டு பைக்க உள்ள தள்ளினா, ஒடனே ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து பெர்மிஷன் எங்க, கழட்டுன்னு நிக்கிறாங்க. காணி தோட்டத்துது, ஆளாளுக்கு கட்ட ஆரம்பிச்சா எங்க போய் முடியும்னு நீங்க கேக்குறதுல ஞாயம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அந்த தகரத்துக்கும் மறுநாள் காலைல ரோட்டுல ஒருத்தன் வழுக்கி விழுறதுக்கும் சம்பந்தம் இருக்கு, அத சொல்லத்தான் இத எழுதுறேன்.

வட்டவளை, கினிகத்தேனை, நோர்ட்டன் பக்கம் மே மாசம் தென்மேல் மழை புடிச்சா செப்டம்பர் வரைக்கும் சரியா விடாது, ஒக்டோபர் நவம்பர்ல பின்னேரமானா இடியோட கொட்டும், டிசம்பர்ல இருந்து றம்பொடை கொத்மலை பக்கம் வடகீழ் மழை. இதுக்கு நடுவுல பைக் எப்ப ஐயா காயும்? அதுவும் 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிப்பாட்டி 2025 வரைக்கும் புது பைக் வராததால நம்ம ஆளுங்க ஓட்டுறதுல முக்காவாசி பழைய பிளாட்டினா, சீடி 100, டிஸ்கவர். ராத்திரி பூரா நனைஞ்சா பிரேக் ட்ரம் உள்ள துரு படியும், காலைல முதல் பிரேக் ஒண்ணா புடிக்காது இல்ல பட்டுனு புடிச்சு டயர இழுக்கும். பிரேக் வயர் துருப்புடிச்சு திரும்பி வராது. பிளக் மூடிக்குள்ள தண்ணி போனா ஏத்தத்துல பாதில எஞ்சின் இருமிக்கிட்டு நின்னுடும், பின்னால கொழுந்து லொறி, முன்னால மிஸ்ட் (பனிமூட்டம்), வளைவு. பழைய டேங்க்னா மூடி ரப்பர் தேஞ்சு மழைத்தண்ணி பெட்ரோலோட கலந்து காபரேட்டர் அடில போய் நிக்கும், அத கழட்டி ஊத்தாம வண்டி நகராது.

பொலித்தீன் போட்டு மூடுங்கன்னு லேசா சொல்லிடுறாங்க. பொலித்தீன அடி வரைக்கும் இறுக்கி கட்டினா உள்ளயே வேர்த்து, வெளிய வுட்டத விட மோசமா துரு ஏறும். மேல கூரையும் சைட்ல காத்தும் இருந்தாத்தான் இரும்பு காயும்.

எவ்வளவு எடம் வேணும்னு பாருங்க. பைக் நீளம் ஏழு அடிக்கு உள்ள, ஹேண்டில் அகலம் மூணு அடி கூட வராது. 8 அடிக்கு 5 அடின்னா 40 சதுர அடி, ஒரு ஆள் குந்தி செயினுக்கு ஒயில் போடவும் எடம் இருக்கும். இந்திய வீட்டுத்திட்டத்துல முன்ன குடுத்தது 7 பேர்ச்சஸ், அதாவது 1,900 சதுர அடி சொச்சம், வீடு 550. மிச்சத்துல 40 அடிய முதல்லயே பிளான்ல கோடு போட்டு காட்டியிருந்தா பின்னால வந்து கழட்டுன்னு சொல்ற வேலையே இருக்காது.

எங்க வேணும்னாலும் கட்ட வுடுங்கன்னு நான் கேக்கல. வீட்டுக்கு பின்னால மண் திட்ட வெட்டி எடம் எடுக்குறத நீங்க கண்டிப்பா தடுக்கணும், அதுல நான் உங்க பக்கம். 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் தாண்டினாலே கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை குடுக்க ஆரம்பிக்குது, அந்த ஊர்ல பைக்குக்காக திட்ட நோண்டுறது பைத்தியக்காரத்தனம். வீட்டு சைட்ல சாய்ப்பா ஒரு கூரை எறக்கினா போதும். கூரைத் தண்ணி கீழ் வீட்டு திட்டுக்கு போகாம பீலி வச்சு கானுக்கு (வடிகாலுக்கு) வுடணும், தரைய அடிக்கு கால் இஞ்சி சாய்வா, வழுவழுன்னு தேய்க்காம சொரசொரப்பா போடணும். ஒரு பக்கம் தொறந்தே இருக்கணும், காம்பரா (அறை) ஜன்னலுக்கு கீழ வைக்கவே கூடாது, ஏன்னா குளிருக்கு எஞ்சின சூடாக்குறேன்னு ஸ்டார்ட் பண்ணி வுட்டுட்டு போவாங்க, பொகை நேரா உள்ள புள்ளைங்க படுத்திருக்கிற எடத்துக்கு போகும். பெட்ரோல் கேன் வைக்க வேணாம். பல்பு வயர் இழுத்தா ட்ரிப் சுவிட்ச் வழியாத்தான் இழுக்கணும், ஈரத் தரை.

நம்ம பொடியன்மாரும் சும்மா இல்ல. பெட்ரோல் மிச்சம்னு றம்பொடை இறக்கத்துல நியூட்ரல்ல வர்றாங்க, ரெண்டாவது கியர்ல போட்டா எஞ்சினே புடிக்கும், பிரேக் அவ்வளவா சூடாகாது. மிஸ்ட்ல ஹை பீம் அடிச்சா வெளிச்சம் திரும்ப கண்ணுக்கே வரும்னு சொன்னாலும் கேக்குறதில்ல. அது நாங்க வீட்டுல பேச வேண்டிய வெவகாரம், உங்க மேல போடல.

ஆனா விடிகாலைல பால் கொண்டு போறவன், டவுன் ஸ்கூலுக்கு போற டீச்சர், ராத்திரில காய்ச்சல் புள்ளைய ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுற அப்பன், எல்லாருக்கும் இந்த பைக்தான். தோட்ட லொறி நெனச்ச நேரத்துக்கு வராதுன்னு உங்களுக்கே தெரியும்.

அதனால கேக்குறது ரெண்டு. புது வீட்டு பிளான்ல அந்த 40 அடிய போடுங்க. பழைய லயத்துக்கு, அளவும் எடமும் எழுதி ஒரே ஒரு பக்கத்துல பெர்மிஷன் பேப்பர் குடுங்க, தற்காலிகம், காணி உரிமை கேக்க மாட்டோம்னு அதுலயே எழுதி கையெழுத்து வாங்கிக்கோங்க. தகரம், கம்பு, சீமெந்து எங்க செலவு. அளந்து காட்ட மட்டும் டிவிசனுக்கு ஒரு ஆள அனுப்புங்க, ஞாயித்துக்கிழமை வந்தா எல்லாரும் வீட்டுல இருப்போம்.