ஞாயிறு சந்திப்பு: அவசரப் பிரிவு, கதை, வயலின்

வணக்கம் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளே. வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் நம்ம தோட்டத்து டாக்டர் பிள்ளை பேச வருகிறார். வேலை அவசரப் பிரிவில். கதை எழுதுவார், வயலினும் வாசிப்பார். அன்று மூன்றும் உண்டு.

இடைநிலைப்பள்ளியில் படிவம் 4, 5 படிக்கும் பிள்ளைகளைக் கட்டாயம் அனுப்புங்கள். மருத்துவப் பட்டம் வாங்கியதும் நிபுணர் ஆகிவிட முடியாது. 2 ஆண்டு ஹவுஸ்மேன் (பயிற்சி மருத்துவர்) பயிற்சி, அப்புறம் மருத்துவ அதிகாரி வேலை, அதன் பிறகு 4 ஆண்டு முதுநிலைப் படிப்பு. நம் மலேசியாவில் அவசர மருத்துவத்துக்கு அந்தப் படிப்பை 1998இல்தான் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) தொடங்கியது. துறையே இளசு.

பெரியவர்களுக்கும் சேதி இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிப்பது வந்த வரிசைப்படி இல்லை, யாருக்கு உயிராபத்து அதிகம் என்று பார்த்துத்தான். பச்சையில் உட்கார்ந்துகொண்டு கவுண்டரில் சத்தம் போடுகிறவர்கள் (பேர் சொல்லவில்லை) முன்வரிசைக்கு வரவும்.

"டாக்டருக்குப் பாட்டு எதுக்கு?" என்று கேட்ட மாமாவுக்கு: டாக்டர் ஆல்பர்ட் சுவைட்சர், பாக் (Bach) என்ற ஜெர்மன் இசைமேதையைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். ஆர்கன் என்ற இசைக்கருவியை வாசித்துக் கச்சேரிகளில் பணம் திரட்டி, 1913இல் ஆப்பிரிக்காவின் லம்பரேனேயில் மருத்துவமனை தொடங்கினார். அவ்வளவு தூரம் போவானேன், நம்ம பாடகர் சீர்காழி சிவசிதம்பரமும் டாக்டர்தானே!

பசியாற தோசையும் நாசி லெமாக்கும். வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் இங்கே பேர் போடுங்கள், சமையலுக்குக் கணக்கு வேண்டும்.