குளத்துப் பயிற்சி பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பத்து நாளாக எங்கள் ஸ்கூபா டைவிங் (காற்று சிலிண்டருடன் கடலுக்கடியில் நீந்துவது) கடையைப் பற்றி ஒரு பேச்சு சுற்றிவருவது உங்களில் பலர் காதுக்கும் எட்டியிருக்கும். நேரில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டோம். கேட்கத் தயங்கியவர்களுக்காக இந்த மடல்.

"மாஸ்க்கைப் பிடுங்கிப் பயமுறுத்துகிறார்கள்" என்பதுதான் அந்தப் பேச்சு. மாஸ்க் என்றால் நீருக்கடியில் கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி முகமூடி. நடந்ததைச் சொல்கிறேன். 2 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு டைவ் போக ஒருவர் வந்தார். வழக்கப்படி முதலில் அவரை நீச்சல் குளத்தில் இறக்கினோம். மார்பளவு தண்ணீர். அதில் மண்டியிட்டு அமர்ந்து, அவராகவே மாஸ்க்கைக் கழற்றி, மறுபடி மாட்டி, உள்ளே புகுந்த நீரை வெளியேற்ற வேண்டும். எங்கள் பயிற்றுநரின் கை அவர் தோளில் இருந்ததே தவிர மாஸ்க் பக்கம் போகவே இல்லை. கழற்றியதும் மூக்கால் இழுத்துவிட்டார். இருமிக்கொண்டே எழுந்து நின்றார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முகம் நனைந்ததும், சிலிண்டர் காற்றைத் தரும் ரெகுலேட்டர் வாயில் இருப்பதை மறந்து மூக்கு முந்திக்கொள்ளும், பலருக்கும் நடப்பதுதான். இன்னொரு முறை செய்து பார்க்கலாம் என்றோம். "40 டைவ் போட்டவனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கிளம்பிவிட்டார். பிடுங்கினோம் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அன்று கூடவே குளத்தில் இருந்த மூன்று பேர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒரு தவறு எங்களுடையது. இடைவெளி விட்டு வருபவர்களுக்குக் குளம் கட்டாயம் என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லியிருக்க வேண்டும். வருந்துகிறோம். இனிமேல் முதலிலேயே சொல்லிவிடுவோம்.

ஆனால் பயிற்சியைக் கைவிட மாட்டோம். குளத்தில் எழுந்து நிற்கலாம், கடலில் 15 மீட்டர் ஆழத்தில் முடியாது. அங்கே மேல்நோக்கிப் பாயத்தான் தோன்றும், அதுவும் மூச்சை அடக்கிக்கொண்டு. 10 மீட்டரில் அழுத்தம் நீர்மட்டத்தைப் போல 2 மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடைத்துக்கொண்டு மேலே வந்தால், அது 2 மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் தாங்காது. பதறும்போது மூச்சு அரைகுறையாக, வேகவேகமாக ஓடும். கரியமில வாயு சரியாக வெளியேறாது. அது சேரச் சேர, சிலிண்டரில் பாதிக் காற்று இருந்தாலும் "காற்று போதவில்லை" என்ற தவிப்புக் கூடும். எது நேர்ந்தாலும் முதலில் அசையாமல் நின்று மூச்சை நீளமாக வெளியே விடச் சொல்வது இதனால்தான். துணையின் மாற்று ரெகுலேட்டரை வாங்கிச் சுவாசிப்பது, மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் எடைப் பட்டையைக் கழற்றுவது எல்லாம் அதற்குப் பிறகு.

சென்ற பருவத்தில், நம் வாடிக்கையாளர் ஓர் அம்மாவின் மாஸ்க்கை முன்னால் போனவரின் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) தட்டிவிட்டது. 14 மீட்டர். நான் எட்டும் தூரத்தில்தான் இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டார். குமிழிகள் நீளமாக ஒரு கொத்து மேலே போயின, பிறகு இன்னொரு கொத்து. ஒரு கையால் என் தோள்பட்டியைப் பிடித்துக்கொண்டு, நெற்றிக்கு ஏறியிருந்த மாஸ்க்கை இறக்கி, மேல்விளிம்பை விரல்களால் அழுத்தி, தலையைச் சற்று நிமிர்த்தி மூக்கால் ஊதினார். தண்ணீர் கீழ்விளிம்பு வழியே வெளியேறியது. கண் திறந்ததும் விரலை வளைத்து, சரி என்று காட்டினார். இதே பயிற்சி வராமல் குளத்தங்கரையில் உட்கார்ந்து அழுதவர் அவர். மூன்று நாள் விடாமல் வந்து கற்றுக்கொண்டார்.

அவரைப் போல, நாங்கள் சொன்னதை நம்பிக் குளத்தில் திரும்பத் திரும்ப இறங்கிய உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இந்தப் பேச்சு வந்தபோது எங்களுக்காக வாதாடியவர்களை மறக்க மாட்டோம்.

பயிற்றுநர் ஒருவர் விலகிவிட்டதால் ஞாயிறு வகுப்பு தற்போதைக்கு இல்லை; அடுத்த மாதம் முதல் குளத்துப் பயிற்சிக்குத் தனிக் கட்டணம் உண்டு.

வரும்போது உங்கள் சொந்த மாஸ்க்கை எடுத்து வாருங்கள். வளையத்தருகே பட்டியை இழுத்துப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் சொல்லுங்கள், மாற்றுப் பட்டி எடுத்து வைக்கிறோம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்