கைவேலையைக் காட்டும் பிரெஞ்சுக் குற்றப் படங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு இதழின் சினிமாக் கட்டுரையில், பிரெஞ்சு 'பிலிம் நுவார்' படங்கள், அதாவது இருள் சூழ்ந்த குற்றக் கதைப் படங்கள், அமெரிக்கப் படங்களின் ஆமைவேக நகல் என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். என் மனம் ஒப்பவில்லை. செட்டியார் தெருவில் நகைப் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஆமைவேகத்தில்தான் இப்படங்களின் உயிரே இருக்கிறது.

ஜூல்ஸ் டசினின் 'ரிஃபிஃபி' (1955) படத்தில், நகைக்கடைக்கு மேலுள்ள வீட்டின் தளத்தைத் துளைத்து நான்கு பேர் இறங்குகிறார்கள். ஏறக்குறைய அரை மணி நேரம் வசனம் இல்லை, இசையும் இல்லை. முதலில் சின்னத் துளை. அதனூடாக ஒரு குடையை இறக்கிக் கீழே விரிக்கிறார்கள். உடைபடும் காரையெல்லாம் சத்தமில்லாமல் அதற்குள் விழுகிறது. தங்கம் அராவும்போது பொடி சிந்தாமல் மடியில் துணி விரித்து உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் குடையின் அருமை உடனே விளங்கும். அபாய மணியை அடைக்கத் தீயணைப்புக் கருவியின் நுரை. கள்ளர்கள்தான், ஆனால் தொழில் தெரிந்தவர்கள். இந்தக் காட்சிக்கு இசையமைத்து வைத்திருந்த ஜோர்ஜ் ஓரிக், இசையோடும் இல்லாமலும் பார்த்துவிட்டு, இசை வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டாராம்.

டசின் ஓர் அமெரிக்கர். கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களுக்கு வேலை மறுத்த ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலால் அங்கே வேலை இழந்து ஐரோப்பாவுக்குப் போனவர். அமெரிக்காவில் இருந்திருந்தால் இப்படியொரு காட்சியை எடுக்க விட்டிருப்பார்களா? 1934 முதல் அங்கே கண்டிப்பாக அமுலான தணிக்கை விதிகள், களவு, இரும்புப்பெட்டி உடைப்பு போன்றவற்றின் செய்முறையை விபரமாகக் காட்டக் கூடாது என்றன. அதனால் அவர்களின் பலம் பேச்சில் சேர்ந்தது என்பது என் எண்ணம். 'டபிள் இன்டெம்னிட்டி' (1944) படத்தில் காப்புறுதி முகவர், குண்டடி பட்ட உடம்போடு ஒலிப்பதிவுக் கருவியிடம் முழுக் கதையையும் சொல்வது அற்புதம்தான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஜாக் பெக்கரின் 'கிரிஸ்பி' (1954) படத்தில் வரும் அந்த இரவை எந்த அமெரிக்கப் படத்திலும் நான் பார்த்ததில்லை. வயது போன கொள்ளைக்காரனாக ழான் கபென். ஆபத்தில் சிக்கிய கூட்டாளியைத் தன் மறைவிடத்துக்குக் கூட்டி வந்து, சாப்பாடு போட்டு, வைன் ஊற்றி, பைஜாமாவும் பல் தூரிகையும் எடுத்துக் கொடுக்கிறார். கூட்டாளி கண்ணாடியில் தன் முகச் சுருக்கத்தைப் பார்க்கிறான். துப்பாக்கியே இல்லை. இவர்களுடைய சினேகிதம் எவ்வளவு பழையது என்று அதிலேயே தெரிந்துவிடுகிறது.

நகல் என்று சொன்னதற்கும் ஒரு பதில். கபென் நடித்த பிரெஞ்சுப் படமான 'பெப்பே லெ மோகோ' (1937), மறு வருடமே ஹொலிவூட்டில் 'அல்ஜியர்ஸ்' என்று திரும்ப எடுக்கப்பட்டது. சரி, யார் யாரைப் பார்த்து எடுத்தார்கள்?

பார்ன்ஸ் பிளேஸில் உள்ள பிரெஞ்சு மொழி, கலாசார நிலையமான அலியான்ஸ் பிரான்சேஸும் வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்கமும் சேர்ந்து இவற்றில் ஒன்றையாவது திரையிட்டு, தமிழில் கலந்துரையாட ஒழுங்கு செய்ய வேண்டும். கடைகளில் வேலை செய்பவர்களும் வரக்கூடியதாக ஞாயிறு மாலையில் வைத்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொற்தொழிலாளி,
வெள்ளவத்தை, கொழும்பு 06