சேகரக் கமிட்டிக்கு: நம் சபை நர்ஸ்களை அவர்கள் படித்த வேலைக்குக் கூப்பிடுங்கள்

போதகர் ஐயரவர்களுக்கும், நம் சேகரத்துச் சபைகளின் நிர்வாகத்தைப் பார்க்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

அடுத்த வருஷ பட்ஜெட்டிலும் மருத்துவ முகாமுக்குப் பணம் ஒதுக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் எழுதுகிறேன். முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் பந்தல் போட்டு, பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டால், பிரஷர் 160 இருந்தவர் அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனாரா, மாத்திரை வாங்கினாரா, ஒரு மாதம் போட்டுவிட்டு நிறுத்திவிட்டாரா என்று கேட்க நம்மிடம் யாருமில்லை. அப்படிக் கேட்பதற்கென்றே ஒருவரை வையுங்கள்.

ஆளை வெளியே தேட வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்றவர்கள், வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் என்று நம் நெல்லைப் பக்கத்துச் சபைகளில் நர்ஸ் அக்காக்களுக்குக் குறைவே இல்லை. அசன விருந்துக்குக் காய் வெட்டக் கூப்பிடுகிறோம், அவர்கள் படித்த படிப்புக்கு ஏன் கூப்பிடுவதில்லை?

இது புது யோசனையும் இல்லை. அமெரிக்காவில் கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க் என்ற லுத்தரன் போதகர் முதலில் டாக்டர்களை வைத்து ஆலயங்களில் கிளினிக் நடத்திப் பார்த்தார். அதில் ஜனங்களோடு உட்கார்ந்து பேசி விஷயத்தை வாங்குகிறவர்கள் நர்ஸ்கள்தான் என்று கண்டு, 1980களின் நடுவில் சிகாகோ பக்கம் சபைகளில் நர்ஸ்களை நியமித்தார். அங்கே இன்று அது நர்சிங்கில் தனித் துறை. நமக்கோ, 1909 இலேயே அமெரிக்க மிஷனெரி டாக்டர் ஐடா ஸ்கடர் நர்சிங் பள்ளி தொடங்கிய வேலூர் நம் மாநிலத்திலேயே இருக்கிறது.

முகாம் டாக்டரால் கவனிக்க முடியாத ஒன்று சொல்கிறேன், உபவாச ஜெபத்தில் வருகிற ஆபத்து. 2023 இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆய்வுப்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி, அவர்களில் நம் சபையாரும் உண்டு. இன்சுலினோ, சில வகை சர்க்கரை மாத்திரையோ வழக்கம்போல எடுத்துக்கொண்டு மத்தியானம் வரை சாப்பிடாமல் உட்கார்ந்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம். வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும், நாம் களைப்பு என்று விட்டுவிடுவோம். நினைவோடு இருக்கும்போதே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும், நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிட வேண்டும். லெந்து என்கிற தவக்கால நாட்கள் தொடங்குமுன்னே, "நீங்கள் டாக்டரிடம் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம் அம்மா, சாப்பிட்டுவிட்டு ஜெபியுங்கள்" என்று உரிமையோடு சொல்ல, அந்த வீட்டை அறிந்த நர்ஸ் ஒருவர் வேண்டும். சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்து மாத்திரையை நிறுத்துகிறவர்களிடமும் அவரே பேச முடியும். ஜெபத்தையும் மதிக்கிறவர் சொன்னால்தான் அவர்கள் காது கொடுப்பார்கள்.

இன்னொன்று, இதில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். நர்ஸிடம் ஒருவர் சொன்னது, சொன்னவர் சம்மதமின்றி ஐயரிடம்கூடப் போகக் கூடாது. இன்னாருக்கு இன்ன வியாதி, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று மைக்கில் அறிவிக்கிற பழக்கத்தால்தான் காசநோயையும் மனச்சோர்வையும் வாய் திறந்து சொல்ல ஜனங்கள் பயப்படுகிறார்கள். பூட்டு போட்ட அலமாரி ஒன்று, தனியாகப் பேச ஓர் அறை, இந்த இரண்டும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

ஊசி, டிரிப் எல்லாம் ஆலயத்தில் வேண்டாம். பார்ப்பது, கேட்பது, எங்கே போக வேண்டும் என்று சொல்வது, துணைக்கு ஆளில்லாத முதியவர்களுக்கு வாலிபர் சங்கத்திலிருந்து ஒருவரை அனுப்புவது, இவ்வளவுதான். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அதில் பெயர் சேராதவர்களைச் சேர்த்துவிட்டாலே பெரிய உதவி. மனம் உடைந்து இருப்பவர்களுக்கு 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, அதையும் சொல்லிக் கொடுக்கலாம். எந்த மதத்தார் வந்தாலும் பார்க்க வேண்டும்.

முகாம் பணத்தில் பாதி போதும் என்று நினைக்கிறேன்: பிரஷர் மெஷின், குளுக்கோமீட்டர், அதற்கான ஸ்ட்ரிப், வீடு சந்திக்கப் போகிறவருக்கு ஆட்டோ செலவு. ஊழியம் என்று சொல்லி அந்தச் செலவையும் அந்த அக்காக்கள் தலையில் கட்டாதீர்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு அவர்களில் இரண்டு பேரையாவது அழைத்து, என்ன தேவை என்று அவர்கள் வாயாலேயே கேட்டுவிட்டு, அதன்பிறகு பட்ஜெட்டில் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினர் ஒருவர்