ஒலிப்பதிவு இரைச்சலும் எர்த் இணைப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்வைத்திறன் குறையுடைய மாணவர்கள் கேட்டுப் படிப்பதற்காகப் பாடங்களை வீட்டுக் கணினியில் வாசித்துப் பதிவு செய்து கொடுக்கும் பணியில் நானும் நண்பர்கள் சிலரும் ஈடுபட்டிருக்கிறோம். பதிவில் விடாமல் 'ம்ம்' என்று கேட்கும் இரைச்சலைப் போக்க, மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துவிடும்படி விவரம் தெரிந்தவர்களே யோசனை சொல்வதைக் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

இந்த யோசனை உயிருக்கு ஆபத்தானது. அந்தப் பெரிய பின்தான் எர்த்; அதாவது, கசியும் மின்சாரத்தைத் தரைக்குள் கடத்திவிடும் பாதுகாப்பு இணைப்பு. அது இல்லாத கணினிக்குள் மின்கசிவு ஏற்பட்டால், உலோகக் கூட்டைத் தொடுபவர் மீது 230 வோல்ட் மின்சாரம் பாயக்கூடும். பின்னை உடைத்தால் சில வீடுகளில் இரைச்சல் குறைவது உண்மையே. கணினி ஒரு பிளக்கிலும் மிக்ஸரோ (ஒலிகளைக் கலக்கும் கருவி) ஸ்பீக்கரோ அடுத்த சுவரில் உள்ள பிளக்கிலும் செருகப்பட்டிருந்தால், இரண்டின் எர்த் வழிகளும் ஆடியோ ஒயரும் சேர்ந்து ஒரு வளையமாகி, அதில் ஓடும் சிறு மின்னோட்டம் இரைச்சலாகப் பதிவாகிறது. அதற்கு எல்லாக் கருவிகளையும் நல்ல எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினாலே பெரும்பாலும் போதும். எதையும் உடைக்க வேண்டியதில்லை.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் சிறிது நேரம் பதிவு செய்து பார்க்கலாம். இரைச்சல் அடங்கிவிட்டால் மைக்கைக் குறை சொல்வதில் பயனில்லை. மூன்று பின் சார்ஜரைச் செருகியிருக்கும்போதும் உலோகப் பகுதியில் விரல் வைத்தால் சுருசுருவென்று இருக்குமானால், வீட்டின் எர்த் இணைப்பைத்தான் முதலில் ஐயுற வேண்டும். (இரண்டு பின் சார்ஜரில் எர்த்தே கிடையாது என்பதால் அதில் இவ்வுணர்வு இயல்பாகவே இருக்கும்.) சேலத்தின் பாறை நிலத்தில் கோடையில் ஈரம் வற்றும்போது எர்த் குழியின் (எர்த் ஒயரைத் தரையோடு இணைக்கும் குழி) மின்தடை ஏறிவிடும். குழி எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் பழைய வாடகை வீடுகளில் பலர் குடியிருக்கிறார்கள். அதில் தண்ணீர் ஊற்றுவது யார்?

மென்பொருளில் இரைச்சலை நீக்கிக்கொள்ளலாம் என்பதும் முழுத் தீர்வாகாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இரைச்சல் 50, 100, 150 என்ற அலைவரிசைகளில் அமர்கிறது. ஆண்குரலின் அடிநாதமும் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கிறது. அங்கே அழுத்தி வெட்டினால் குரலும் சேர்ந்து தேய்ந்து, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். மணிக்கணக்கில் காதால் மட்டுமே படிக்கும் பிள்ளைகளுக்கு அது பெரும் அயர்ச்சி.

'உஸ்' என்ற சீரான ஒலி வேறு வகை. கணினியில் மைக் ஒலியைப் பெருக்கும் 'மைக் பூஸ்ட்' அளவைக் குறைத்து, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்தால் அது பெரிதும் தணியும். கணினிப் பெட்டியின் முன்புற மைக் துளையில் செருகும் மைக்கை விட யு.எஸ்.பி. மைக் நல்லது. எங்கள் அம்மாப்பேட்டைப் பகுதியின் தறிச் சத்தத்துக்கோ தறி ஓடாத வேளையைத் தேர்ந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

கணினிக் கடைக்காரர்கள் எர்த் பின்னை உடைக்கச் சொல்வதை அடியோடு நிறுத்த வேண்டும். வீட்டு உரிமையாளர்கள் கோடைக்கு முன் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த் இணைப்பை அளந்து பார்க்க வேண்டும். எர்த் குழிப் பராமரிப்பைப் பற்றித் தங்கள் நாளிதழ் படத்துடன் ஒரு விளக்கக் கட்டுரை வெளியிட வேண்டுமெனவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அம்மாப்பேட்டை, சேலம்.